குறி நூல் கட்டிய வாலாட்டி

கண்ணு,

உன் கவர் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. சிவன்மலை இருக்கும் திசையைப் பார்த்து உனக்கும் மருமகளுக்கும் பாப்பாவுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, இன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன். பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ இரண்டு பத்திரம் வைத்திருந்தாய். ஒன்று துணி காயப்போட்ட நம் காட்டுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. அப்பா இரண்டையும் என் பேரில் எழுதிவிட்டுப் போனதால் என் கையெழுத்து வேண்டும், சாயப்பட்டறைக்காரர் இரண்டையும் சேர்த்தே விலைக்குக் கேட்கிறார், தைக்குள் முடிந்துவிட்டால் கல்கத்தாவில் நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டை வாங்கிவிடலாம், அதில் எனக்கும் ஒரு அறை உண்டு என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். நல்ல கையெழுத்து உனக்கு. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய். "போன குருவி திரும்ப வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நானும் இனி அங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை. வீட்டைப் பூட்டி வைத்து யாருக்கு?" என்று. அந்த ஒரு வரியில் என் பேனா பதினோரு நாள் நின்றுபோனது.

கையெழுத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அதைச் சொல்லாமல் நான் கையெழுத்துப் போட்டாலும் தப்பு, போடாமல் விட்டாலும் தப்பு.

எனக்குக் குருவி பார்க்கும் பழக்கம் வேலையால் வந்தது. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாப்பாவுக்குத் தெரியாது, இந்தப் பக்கத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு. உன் அப்பா பனியன் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்தார். மிஷினில் பின்னிக் குழாய் குழாயாக வரும் துணி முதலில் பழுப்பாக இருக்கும். அதைச் சோடாக் காரம் போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, அலசி, நீலம் முக்கிப் பிழிந்து காட்டுக்கு அனுப்புவார். காட்டில் புல்லை ஒட்ட வெட்டி, அதன் மேல் துணியை விரித்துப் போட்டு, காய்கிற வரைக்கும் காவல் இருப்பது என் வேலை. நாய் மிதிக்கக் கூடாது. தூசிக் காற்று அடித்தால் சுருட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குருவி எச்சம் விழக் கூடாது. வெளுத்த துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் காதர்பேட்டைக் கடைக்காரர்கள் விரலால் தடவிப் பார்த்து இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி என் காவலில் ஒதுக்கப்பட்ட துணி மிகக் குறைவு. இதை இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சித்திரை வைகாசியில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ஐப்பசி பிறந்தால் வெயில் வரும், மேகம் மூடும், தூறும், அப்புறம் மறுபடி வெயில் வரும். காலையில் போட்ட துணி சாயங்காலம் வரைக்கும் ஈரமாகவே கிடக்கும். அந்த நாலைந்து மாதமும் கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பேன். வெளியூர்க் குருவிகள் நம் பக்கம் வருவதும் அதே நாலைந்து மாதம்தான். விரட்டுவதற்காகப் பார்க்க ஆரம்பித்தேன். எது துணியில் உட்காரும், எது உட்காராது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தகைவிலான் தந்திக் கம்பியில் வரிசை கட்டும், துணிப் பக்கம் வராது, ஆனால் அது தரையை உரசுகிற மாதிரி தாழப் பறந்தால் மழை வருகிறது, ஓடிப்போய்ச் சுருட்ட வேண்டும். ஆறுமணிக்குருவி வேலி ஓரத்துச் சருகுக்குள் ஒளிந்திருந்து காலையும் மாலையும் குரல் கொடுக்கும். கடிகாரம் இல்லாத எனக்கு அதுதான் மணி. மார்கழி கடைசியில் சோளக்குருவிகள் கூட்டமாக வரும், ரோஸ் துணியை உதறினதுபோல. அது வந்தால் மட்டும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், ஒரு கூட்டம் துணிக்கு மேலாகப் போனாலே போதும், அத்தனையும் இரண்டாம் தரம். பூனைப்பருந்து காட்டின் மேல் தாழ ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் அடங்கிவிடும். அதைப் பார்த்தால் நான் கும்பிடுவேன்.

உன் அப்பா ஒருநாள் சாயங்காலம் வந்து நின்று பார்த்தார். நான் கம்பை மடியில் வைத்துக்கொண்டு, துணியின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வாலாட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"துணிக்குக் காவல்னு உன்னய உட்டா, நீ குருவிக்குக் காவல் காக்கறயா புள்ள?"

"அது பூச்சி திங்குதுங்க. துணி மேல ஏறாதுங்க."

"ஏறாதுன்னு உங்கிட்டச் சொல்லுச்சா?"

அது ஏறத்தான் செய்யும். ஆனாலும் வாலாட்டியை மட்டும் நான் விரட்டியதில்லை. வெள்ளை முகம், மார்பில் கருப்புத் துண்டு கட்டினதுபோல ஒரு அடையாளம், நிற்கும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஈரத் துணியின் விளிம்பு வரைக்கும் ஓடி வரும், அங்கே நின்று என்னை ஒரு பார்வை பார்க்கும், திரும்பி ஓடும். நாள் முழுவதும் ஆள் முகமே பார்க்காமல் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஒரு பார்வை பெரிதாக இருந்தது. இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் நீ வந்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வேலி மேல் மாட்டிவிட்டு என் பக்கத்தில் உட்காருவாய். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் இருப்பாய். நான் பார்த்த குருவிகளில் பாதியைக் கண்டுபிடித்தவன் நீதான். உனக்கு என் கண்ணைவிட நல்ல கண். ஆனால் பெயர் நான்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத குருவிக்கு நானே ஒன்று வைத்துவிடுவேன். அதையும் நீ நம்பிவிடுவாய். குளம் நிறைந்த கார்த்திகையில் உன்னைக் கூட்டிக்கொண்டு கரையில் நடந்துபோய் உள்ளான்களைக் காட்டியிருக்கிறேன். சேற்றின் நிறத்தில் சேற்றிலேயே நின்றுகொண்டிருக்கும். நீ ஒரு அடி எடுத்து வைத்தால்தான் பறக்கும், அப்போதுதான் அங்கே அத்தனை இருந்தது தெரியும். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாய். என் வாழ்க்கையில் நான் தனியாக இல்லாத காலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது தெரியவில்லை.

உனக்கு ஒன்பது வயது. கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. துணியில் எதுவோ படபடவென்று அடித்துக்கொண்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் வாலாட்டி. பின்னல் துணி அல்லவா, கண்ணி கண்ணியாக இருக்கும். அதில் அதன் பின்விரல் நகம் மாட்டிக்கொண்டிருந்தது. நான் கையால் மூடிப் பிடித்து, நகத்தை மெதுவாக எடுத்துவிட்டேன். உள்ளங்கைக்குள் அது அடித்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது. விடப் போனபோது நீ கேட்டாய்:

"ஏனுங்கம்மா, போன வருசம் வந்துச்சே, அதே குருவிதானுங்களா இது?"

"தெரியலயே கண்ணு."

"அடுத்த வருசம் வந்தா எப்படிங்க தெரியும்?"

இதற்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பட்டறையில் ஒவ்வொரு முதலாளியின் துணிக்கும் ஒரு குறி உண்டு, உனக்கு நினைவிருக்கும். எத்தனை வேகவைத்தாலும் சாயம் போகாத நூலால் துணியின் ஓரத்தில் முடிச்சுப் போட்டுவிடுவோம். பத்துப் பேர் துணி ஒரே அண்டாவில் வெந்தாலும் யாருடையது யாருக்கு என்று அந்தக் குறி நூலை வைத்துத்தான் பிரிப்போம். அந்தச் சிவப்பு நூல் என் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும். ஒரு சாண் கிள்ளி எடுத்தேன்.

பட்டறையிலிருந்து ஈரத்துணிக் கூடையோடு வந்த ராமாத்தா பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்கக்கா, குருவிக்குத் தாலி கட்டறீங்களா?"

"குறி கட்டறன். எங்க போனாலும் நம்முதுன்னு தெரியோணுமில்ல."

"அப்ப வெளுப்புக் கூலி யாருகிட்ட வாங்கறதாம்?"

நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே கட்டினேன். துணியில் எப்படிக் கட்டுவேனோ அப்படியே கட்டினேன், கண்ணு. எச்சில் தொட்டு முறுக்கி, இரண்டு சுற்று, இரண்டு முடிச்சு, பல்லால் ஒரு இழு. என் கை அப்படிக் கட்டித்தான் பழகியிருந்தது. அவிழவே கூடாது என்று கட்டுகிற முடிச்சு அது. தண்ணீர் பட்டால் இறுகும், காய்ந்து மறுபடி நனைந்தால் இன்னும் இறுகும். அதனால்தான் அந்த நூலைக் குறிக்கு வைத்திருக்கிறோம். இந்த ஊரில் நூல் தொட்ட யாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். அந்த நேரம் அது என் நினைவில் இல்லை. தினமும் காலையில் வாய்க்காலில் குளிக்கிற குருவி என்பதும் நினைவில் இல்லை. அடுத்த வருடம் நீ கண்டுபிடித்துக் கத்தப் போகிற கத்தல் மட்டும்தான் நினைவில் இருந்தது.

அந்தப் பருவம் முழுவதும் அது நம் காட்டிலேயே இருந்தது. காலில் சிவப்பு. நீ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாய். மாசியில் அது அடிக்கடி ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தேன். குருவி அப்படி நிற்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். பங்குனியில் எல்லாம் போய்விட்டன, அதுவும் போய்விட்டது.

மறுவருடம் ஐப்பசி பிறந்த நாளிலிருந்து நீ கேட்க ஆரம்பித்தாய். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும்போதே, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்பாய்: "வந்துச்சுங்களாம்மா?" மூன்று நாள் இல்லை என்று சொன்னேன், அது உண்மை. நாலாம் நாள் காலையில் வந்துவிட்டது.

நான்தான் முதலில் பார்த்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். துணி ஓரத்தில் ஒரு வாலாட்டி ஓடாமல் குதித்துக் குதித்து வந்தது. வாலாட்டி குதிக்காது, ஓடும். கிட்ட வந்ததும் தெரிந்தது. ஒரு கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சி முனை. அதற்குக் கொஞ்சம் மேலே, சதைக்குள் புதைந்து, சிவப்பு. அது துணியின் விளிம்பில் வந்து நின்று, எப்போதும் போல என்னை ஒரு பார்வை பார்த்தது.

அரைநாள் அதைப் பிடிக்கப் பார்த்தேன். நூலை அறுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக் கூட எடுத்து வைத்துக்கொண்டேன். அகப்படவில்லை. மத்தியானம் ஆனதும் எனக்கு வேறு பயம் வந்தது. நாலரை மணிக்கு நீ வருவாய். அப்போதுதான் கம்பை எடுத்தேன். அத்தனை வருடத்தில் வாலாட்டியை நான் விரட்டியது அதுதான் முதல் தடவை. விரட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். அந்தக் காட்டைத் தவிர அதற்கு வேறு இடம் தெரியவில்லை. ஒன்பது நாள் இப்படி. காலையில் இருக்க விடுவேன், வெயில் சாய்ந்தால் விரட்டுவேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன்னை அப்பாவோடு பட்டறையில் இருக்கச் சொல்லிவிட்டேன். நீ வந்து "வந்துச்சுங்களாம்மா?" என்பாய். "இல்ல கண்ணு" என்பேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வேன். ஓடி ஓடி விரட்டியிருப்பேன் அல்லவா.

ஒன்பதாம் நாள் உன் அப்பா பார்த்துவிட்டார்.

"ஏன் புள்ள, அதயப் போயித் தொரத்தற?"

நான் அதன் காலைக் காட்டினேன்.

"பையங்கிட்டச் சொல்லிப்போடு."

"அவன் தாங்கமாட்டானுங்க."

"அளுவான். அளுதா அளுவட்டும். நாளைக்குச் செரியாப் போயிரும்."

"நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கறன்."

அவர் பேசாமல்தான் இருந்தார். சாகும் வரைக்கும் பேசவில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ, நீ அவரிடம் கேட்கவில்லை. நீ என்னைத்தான் கேட்டாய். அன்றைக்கு மத்தியானமே ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அதன் மேல் வீசினேன். படவில்லை. ஆனால் அது போய்விட்டது, மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

நீ தை கடைசி வரைக்கும் காத்திருந்தாய். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கக் கூப்பிட்டபோது கூட, "அது வந்துட்டா என்னுங்கம்மா பண்றது?" என்று காட்டிலேயே இருந்துகொண்டாய். மாசி பிறந்ததும் ஒருநாள் கேட்டாய்.

"ஏனுங்கம்மா அது வரல?"

"ஒருக்காப் போனது திரும்ப வராது கண்ணு. வருசா வருசம் வாரது வேற வேற குருவி."

"அப்ப எதுக்குங்க நூல் கட்டுனோம்?"

நீ எழுந்து வேலி மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு நல்லூர்ப் பக்கம் பந்து விளையாடப் போனாய். அதற்குப் பிறகு நீ காட்டில் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. சோறு கொண்டு வந்து கொடுப்பாய், நின்றபடியே போய்விடுவாய்.

உனக்காகத்தான் மறைத்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. நீ என்னை எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவளை அப்படி நினைக்க இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருந்தாய். அதை இழக்க எனக்கு மனம் இல்லை. அதைக் காப்பாற்றப் போய் உன்னையே காட்டை விட்டு அனுப்பிவிட்டேன்.

இருபத்திரண்டு வயதில் கல்கத்தா பனியன் கடையில் வேலை என்று நீ கிளம்பினபோது ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "வருசத்துக்கு ஒருக்காவாச்சும் வந்துட்டுப் போ கண்ணு" என்றேன். "நீங்கதானுங்களே சொன்னீங்க, போனது வராதுன்னு" என்று சிரித்தாய். நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்த எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது, நீ எதையும் மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்த எட்டு வருடத்தில் மூன்று தடவை வந்தாய். அதில் ஒன்று உன் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும், "குருவிகள் வந்துவிட்டன, எனக்குப் பொழுது போகிறது, கவலைப்படாதே" என்று எழுதினேன் அல்லவா. குருவிகள் வந்தது உண்மை. பட்டறையை மூடின பிறகும் காலை எட்டு மணிக்குக் காட்டுக்குப் போய்விடுகிறேன். காவலுக்குத் துணி இல்லை. கையில் கம்பு மட்டும் இருக்கிறது, நாய்க்கு. சாயங்காலம் ராமாத்தா பனியன் கம்பெனியில் வேலை முடிந்து அந்த வழியாகப் போகும்போது, "இன்னிக்கு என்னுங்கக்கா வந்துச்சு?" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல வாய் திறக்கும்போதுதான் அன்றைக்கு என் குரலை நான் முதன்முதலாகக் கேட்பேன். சில நாள் அவளுக்கு மிஷினில் ஓவர்டைம் இருக்கும், வரமாட்டாள். பொழுது போகிறது என்று எழுதினேன். அது போகிற விதத்தை எழுதவில்லை.

போன மார்கழியில் குளக்கரையில் ஒருத்தரைப் பார்த்தேன். சைக்கிளைப் பனைமரத்தில் சாய்த்துவிட்டு, கண்ணில் இரட்டைக் குழல் கண்ணாடி வைத்துக்கொண்டு நின்றார். கோயமுத்தூரில் ஏதோ காலேஜில் வாத்தியாராம்.

"இங்க உள்ளான் வருமாங்க?" என்று கேட்டார்.

"எந்த உள்ளானுங்க? கரையில ஓடறதுங்களா, சேத்துல மூக்கக் குத்தறதுங்களா?"

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எது வரைக்குமுங்க படிச்சீங்க?"

"அஞ்சாப்புங்க."

"எங்க பசங்க பி.எஸ்ஸி. படிச்சுட்டு எல்லாத்தையும் கொக்குன்னு சொல்றானுங்க" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளான் இருக்கும் இடத்தைக் காட்டினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு ஆளை அந்தக் கரையில் நடத்திக்கொண்டு போனேன். கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்தக் கரையில் ஒரு வாலாட்டி இருந்தது, அதைப் பார்த்தேன். கை தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு காலும் நன்றாக இருந்தது. "ரெண்டு காலும் இருக்குது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, காலயே பாக்கறீங்க?"

"சும்மாதானுங்க."

எந்த வாலாட்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். அது அவருக்கு எப்படித் தெரியும். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று நினைத்து, அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆராய்ச்சிக்குக் குருவி பிடிக்கிறவர்கள் அதன் காலில் தகர வளையம் போடுவார்களாம். அது காலைச் சுற்றி லேசாகச் சுழல வேண்டுமாம், இறுக்கிப் பிடிக்கவே கூடாதாம். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற குருவி, போன வருடம் எந்தக் காட்டில் இருந்ததோ அதே காட்டுக்குத்தான் வருமாம், சில சமயம் அதே வரப்புக்குக் கூட. "ஆச்சரியமா இருக்குதில்லீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்புறம், இதை முதலில் கேட்க வேண்டியவன் இவர் இல்லையே என்று அடக்கிக்கொண்டேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் இருட்டும் வரைக்கும் கரையிலேயே இருந்தேன்.

அதனால்தான் இப்போது சொல்கிறேன், கண்ணு. நான் உன்னிடம் சொன்னது பொய். அது திரும்பி வந்தது. ஒரு காலை என்னால் இழந்துவிட்டு, அத்தனை மலையையும் தாண்டிப் போய், அத்தனை மலையையும் தாண்டி அதே காட்டுக்கு வந்தது. நான்தான் விரட்டினேன்.

பாப்பா இப்போது ஓயாமல் கேள்வி கேட்கிற வயதில் இருப்பாள். போன தடவை வந்தபோதே என்னிடம், நிலா ஏன் கூட வருகிறது என்று கேட்டாள். அவளிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல். தப்பு உன்னுடையதாக இருந்தால் உன்னுடையது என்று சொல். அழுவாள். அழுது முடித்துவிட்டு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீயும் அப்படி உட்கார்ந்திருப்பாய் என்று உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இனி கையெழுத்து. இந்தப் பதினோரு நாளில் ஒருநாள், போடாமல் வைத்துக்கொண்டால் அதற்காகவாவது நீ வருவாய் என்று நினைத்தேன். வருவாய். கோபத்தோடு, இரண்டு நாள் லீவில், வக்கீலைப் பார்த்துவிட்டுப் போக வருவாய். அப்படி உன்னை வரவைக்க எனக்கு இஷ்டமில்லை. காட்டுப் பத்திரத்தில் நீ பென்சிலால் புள்ளி வைத்திருந்த அத்தனை இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கைநாட்டு இல்லை, முழுப் பெயர். சாயப்பட்டறைக்காரர் புல்லை எடுத்துவிட்டு சிமெண்ட் போடுவார். ஐப்பசியில் குருவிகள் வந்து பார்த்துவிட்டுக் குளத்துப் பக்கம் போகும். எனக்கும் குளத்துக்கு நடக்கக் காலில் தெம்பு இருக்கிறது.

கல்கத்தாவில் எனக்கு ஒரு அறை என்று எழுதினாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். நான் வரவில்லை. கோபத்தால் இல்லை. அங்கே வந்தால் உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நீ கடைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு எனக்குப் பழகின இடமே போதும். அந்த அறையைப் பாப்பாவுக்குக் கொடு.

வீட்டுப் பத்திரம் கையெழுத்து இல்லாமல் இதே கவரில் திரும்பி வருகிறது. சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். அதனால் பணம் குறைந்தால் கல்கத்தாவில் கொஞ்சம் சின்ன வீடாகப் பார். கிழவி தனக்காக வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு ராமாத்தா வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கும். என்றைக்காவது நீ இந்த ஊர் ஸ்டேஷனில் இறங்கினால், எங்கே போவது என்று யாரையும் கேட்கிற மாதிரி இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த வீடு.

அம்மா